"ஃபோன்லயே கட்டிடலாமா?" நகராண்மைக் கழக இணையச் சேவைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவில், சிலாங்கூர் மாநிலத்துப் பெஸ்தாரி ஜெயா டவுனில் நகலெடுக்கும் கடை வைத்திருக்கிறேன். பத்தாங் பெர்ஜுந்தை என்ற பழைய பெயரை 2007-இல் மாற்றினார்கள். பெரியவர்கள் வாயில் இன்னும் பத்தாங்தான். பில் பிரிண்ட் எடுக்க, பாரம் நிரப்ப, ரசீது நகலெடுக்க என்று கடைக்கு வருகிறவர்கள் ஒரே மாதிரியான சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். பக்கத்து ஈஜோக்கிலிருந்தும் புக்கிட் ரோத்தானிலிருந்தும் வருகிறவர்களும் அப்படியே. கேட்டவர்கள் வார்த்தையிலேயே கேள்விகளை வைத்து, எனக்குத் தெரிந்த பதிலை எழுதியிருக்கிறேன். சாதாரணக் கேள்விகள் முதலில் வரும், சிக்கலானவை போகப் போக.

நகராண்மைக் கழகம்னா யாரு? கரண்டு பில்லு, தண்ணி பில்லு எல்லாம் அவங்களுதா?

இல்லை. நம் வட்டாரத்துக்குப் பொறுப்பு கோல சிலாங்கூர் நகராண்மைக் கழகம். 2021-இல் தரம் உயர்த்தப்படும்வரை அது மாவட்டக் கழகமாக இருந்தது. வீட்டு மதிப்பீட்டு வரி, கடை லைசன்ஸ், அங்காடி லைசன்ஸ், நாய் லைசன்ஸ், பார்க்கிங், தாமான் என்கிற குடியிருப்புப் பகுதிகளின் சாலை, வடிகால், கட்டட அனுமதி ஆகியவை கழகத்தின் வேலை. குப்பை எடுக்கும் வேலையைச் சிலாங்கூர் கழகங்களுக்காகக் கேடிஇபி நிறுவனம் செய்கிறது.

மின்சாரத்துக்குத் தெனாகா, தண்ணீருக்கு ஆயர் சிலாங்கூர், கழிவுநீருக்கு இண்டா வாட்டர், ஐசி என்ற அடையாள அட்டைக்கும் பிறப்புப் பத்திரத்துக்கும் தேசியப் பதிவு இலாகா. எல்லாரும் தனித்தனி இணையத்தளம், தனித்தனிக் கணக்கு எண் வைத்திருக்கிறார்கள். ஒன்றின் எண்ணைக் கொண்டுபோய் இன்னொன்றில் போட்டுவிட்டு "சிஸ்டம் வேலை செய்யல" என்று வருத்தப்படுகிறவர்கள் நிறையப் பேர். பில்லின் தலைப்பில் யார் பெயர் இருக்கிறது என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

மதிப்பீட்டு வரியும் நில வரியும் ஒண்ணா? ரெண்டு தடவ காசு வாங்கறாங்களா?

இரண்டும் வேறு. சுக்காய் தக்சிரான் என்கிற மதிப்பீட்டு வரி கழகத்துக்குப் போகிறது. உங்கள் வீட்டை வாடகைக்கு விட்டால் ஆண்டுக்கு எவ்வளவு வரும் என்று கணித்து, அதில் இத்தனை விழுக்காடு என்று போடுவார்கள். ஆண்டுக்கு இரண்டு தவணை: முதல் பாதியைப் பிப்ரவரி கடைசிக்குள், அடுத்த பாதியை ஆகஸ்டு 31-க்குள் கட்ட வேண்டும். சுக்காய் தானா என்கிற நில வரி மாநில அரசின் நில அலுவலகத்துக்கு. ஆண்டுக்கு ஒரு தடவை, மே 31-க்குள்.

அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு நில வரிக்குப் பதிலாகச் சுக்காய் பெத்தாக் வரும். சிலாங்கூரில் 2018 முதல் இந்த முறை. இதைத் தவிர பிளாட்டின் பராமரிப்புக் கட்டணம் இருக்கிறது. அது நிர்வாகக் குழுவுக்குப் போகும் காசு, கழகத்துக்கு அதில் சம்பந்தமில்லை. பராமரிப்புக் கட்டணம் கட்டியாயிற்று என்பதால் மதிப்பீட்டு வரி தீர்ந்துவிடாது.

ஆன்லைன்ல எல்லாமே செஞ்சிடலாமா?

எல்லாம் முடியாது. வரி பாக்கியைப் பார்ப்பது, வரி கட்டுவது, சம்மன் (அபராதம்) கட்டுவது, புகார் கொடுப்பது ஆகியவை வீட்டில் உட்கார்ந்தபடியே முழுதாக முடியும். லைசன்ஸ் புதுப்பிப்பது பெரும்பாலும் முடியும். புது லைசன்ஸ், பெயர் மாற்றம், வீடு கட்ட அனுமதி போன்றவற்றில் பாரத்தை இறக்கிக்கொள்ளலாம், சிலவற்றை அனுப்பவும் செய்யலாம். ஆனால் நடுவில் ஒரு தடவையாவது அதிகாரி நேரில் வருவார் அல்லது நீங்கள் போக வேண்டியிருக்கும்.

"ஆன்லைன்" என்று போட்டிருந்தும் திறந்தால் பிரிண்ட் எடுக்க வேண்டிய பாரம் மட்டுமே இருக்கும் பக்கங்களும் உண்டு. அதைப் பார்த்து ஏமாற வேண்டாம். பக்கத்தின் கடைசியில் அனுப்பும் பொத்தான் இருந்தால்தான் அங்கேயே முடியும்.

ஏன் திடீர்னு எல்லாத்தையும் ஃபோனுக்குக் கொண்டுபோறாங்க?

திடீரென்று வரவில்லை. அரசாங்கச் சேவைகளைக் கணினிக்குக் கொண்டுபோகும் திட்டம் 1990-களின் பிற்பாதியில் மல்டிமீடியா பெருவழித் திட்டத்தோடு தொடங்கியது. பெரிய மாநகராட்சிகள் சொந்தமாகச் சிஸ்டம் செய்துகொண்டன. காசில்லாத சின்னக் கழகங்களுக்காக ஊராட்சித் துறை இ-பிபிடி என்ற பொதுச் சிஸ்டத்தை உண்டாக்கியது. 2015-இல் ஜோம்பே வந்தபோது எந்த வங்கியில் கணக்கு இருந்தாலும் ஒரே முறையில் பில் கட்ட வழி பிறந்தது.

சாதாரணக் குடும்பங்கள் இதற்குள் வந்தது 2020-இல்தான். மார்ச் 18-ஆம் தேதி கோவிட் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கி, கவுண்டர்கள் மூடின. மைசெஜாதெரா என்ற கோவிட் செயலிக்காகத் தாத்தா பாட்டிகள்கூடக் கைப்பேசி வாங்கினார்கள். கவுண்டர் திறந்த பிறகும் அந்தப் பழக்கம் நிலைத்துவிட்டது. எனக்கு இதில் மகிழ்ச்சிதான். ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு கோல சிலாங்கூர் போய் வரிசையில் நின்ற செம்பனை வெட்டுத் தொழிலாளிக்கு, இரவு சாப்பாட்டுக்குப் பிறகு வேலை முடிகிறது என்றால் அது பெரிய விஷயம்.

எனக்கு ஆன்லைன் பேங்க் கிடையாது. கவுண்டர மூடிடுவாங்களா தம்பி?

கவுண்டர் இருக்கிறது, நீங்கள் தைரியமாகப் போகலாம். பில்லின் பின்பக்கம் எங்கெல்லாம் கட்டலாம் என்று அச்சடித்திருப்பார்கள். அதில் அஞ்சலகத்தின் பெயர் இருந்தால் உள்ளூர் அஞ்சலகத்திலேயே முடித்துக்கொள்ளலாம். "ஆன்லைன்ல போங்க" என்று யாராவது திருப்பி அனுப்பினால், "எனக்கு ஆன்லைன் இல்லை, இங்கேயே கட்டுகிறேன்" என்று மரியாதையாகச் சொல்லுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வரி கட்டுகிறவருக்குக் கவுண்டரில் நிற்க முழு உரிமை உண்டு.

கற்றுக்கொள்ள ஆசை இருந்தால் நாடி மையத்துக்குப் போங்கள். முன்பு கம்யூனிட்டி இன்டர்நெட் மையம், பிறகு பேடி என்று அழைக்கப்பட்டது இதுதான். கணினியும் இணையமும் இருக்கும், சொல்லித்தர ஆளும் இருப்பார். பெரும்பாலும் இளம் பிள்ளைகள், பொறுமையாகச் சொல்லித்தருகிறார்கள்.

தமிழ்ல இருக்கா?

கழகங்களின் தளங்கள் மலாயில் இருக்கும், ஆங்கிலமும் இருக்கலாம். தமிழை எதிர்பார்த்துப் போகாதீர்கள். நூறு ஆண்டுகளாகத் தமிழர் வாழும் வட்டாரங்களில் வரி கட்டும் விளக்கத்தையாவது ஒரு தாளில் தமிழில் அச்சடித்து வைக்கலாம் என்பது என் ஆசை. இந்தியச் சமூகத் தலைவர்கள் இதைக் கேட்க வேண்டும்.

அதுவரை சில சொற்களைத் தெரிந்துகொண்டால் போதும். செமாக் என்றால் சரிபார், பாயார் கட்டு, துங்காகான் பாக்கி, ஹந்தார் அனுப்பு, பாத்தால் ரத்து, செலெசாய் முடிந்தது. கைப்பேசியின் மொழிபெயர்ப்பு வசதியைப் பொது விளக்கத்துக்கு நம்பலாம். சட்ட அறிவிப்பு, நோட்டீஸ் என்றால் மலாய் நன்றாகத் தெரிந்த ஒருவரிடம் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

பில்லுல ஜோம்பேனு ஒரு கட்டம் இருக்கே, அத வச்சு எப்படிக் கட்டறது?

அந்தக் கட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு பாருங்கள். மேலே பில்லர் கோட் என்று ஓர் எண் இருக்கும். அது கழகத்தின் எண், ஊரில் எல்லாருக்கும் ஒன்றே. அதற்குக் கீழே ரெஃப்-1. அது உங்கள் வீட்டின் வரிக் கணக்கு எண், உங்களுக்கு மட்டும் உரியது. சில பில்களில் ரெஃப்-2 இருக்கும். அதில் என்ன போட வேண்டும் என்று பக்கத்திலேயே எழுதியிருக்கும். பெரும்பாலும் கைப்பேசி எண் அல்லது ஐசி எண்.

வங்கிச் செயலிக்குள் போய் ஜோம்பேயைத் தேர்ந்தெடுத்து, பில்லர் கோட் போட்டதும் கழகத்தின் பெயர் திரையில் வர வேண்டும். வேறு பெயர் வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். பெயர் சரியாக இருந்தால் ரெஃப்-1 போடுங்கள். இந்த எண்ணை ஒவ்வோர் இலக்கமாகச் சத்தமாகப் படித்துச் சரிபாருங்கள். ஒரு சுழியம் விட்டுப்போனால் உங்கள் காசு பக்கத்துத் தாமானில் யாருடைய வரியையோ கட்டிவிடும். அதைத் திருப்பி வாங்கக் கழகத்துக்குக் கடிதம், ரசீது நகல், ஐசி நகல் என்று அலைய வேண்டியிருக்கும்.

கட்டிட்டேன், ஆனா இன்னும் பாக்கினு காட்டுது. காசு போயிடுச்சா?

அநேகமாகப் போயிருக்காது. சாயங்காலம் கட்டியதும், சனி ஞாயிறு கட்டியதும் அடுத்த வேலை நாள் கணக்கில்தான் ஏறும். ஆகையால் ஆகஸ்டு 31 இரவில் உட்கார்ந்து கட்டாதீர்கள். ஒரு வாரம் முன்னாலேயே முடித்துவிடுங்கள்.

மூன்று நான்கு வேலை நாள் கழித்தும் பாக்கி என்றே காட்டினால், முதலில் ரெஃப்-1 எண்ணைப் பில்லோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எண் சரி என்றால் வங்கி ரசீதோடு கழகத்தின் வருவாய்ப் பிரிவுக்குப் போங்கள். பயந்துபோய் இன்னொரு தடவை கட்ட வேண்டாம். இரண்டு தடவை கட்டிய காசு அடுத்த தவணைக்கு வரவாக வைக்கப்படும், கைக்கு உடனே வராது.

ரசீதுதான் ஃபோன்ல இருக்கே, பேப்பர் எதுக்கு?

கைப்பேசி தண்ணீரில் விழுகிறது, திருடு போகிறது, பேரப்பிள்ளை அழித்துவிடுகிறது. வரி ரசீதை மட்டுமாவது ஒரு பிரதி அச்செடுத்துக் கோப்பில் வையுங்கள். நான் நகல் கடைக்காரன் என்பதால் சொல்லவில்லை. நாடி மையத்தில் எடுத்தாலும் சரி.

கவுண்டரிலும் அஞ்சலகத்திலும் தரும் வழவழப்பான சின்ன ரசீதைப் பற்றித்தான் எனக்குப் பெரிய கவலை. அது சூட்டில் எழுத்து வரும் தாள். மை கிடையாது. பிளாஸ்டிக் உறையில் போட்டு அலமாரியில் வைத்தால்கூட ஓராண்டு இரண்டாண்டில் எழுத்து மங்கி வெள்ளைத் தாளாகிவிடும். பிஸ்கட் டின்னில் பத்திரமாக மடித்து வைத்திருந்த ரசீதுகளைக் கொண்டுவந்து பிரித்துக் காட்டுவார்கள். தேதி இருக்காது, தொகை இருக்காது, மடிப்புக் கோடு மட்டும் இருக்கும். வாங்கிய அன்றே நகலெடுங்கள் அல்லது படம் பிடித்துக் குடும்ப வாட்சாப் புலனத்தில் போட்டு வையுங்கள்.

மகன் கேஎல்ல இருக்கான். அவனே கட்டிடலாமா, நான்தான் கட்டணுமா?

யார் வேண்டுமானாலும் கட்டலாம். வரிக் கணக்கு எண் சரியாக இருந்தால் போதும், கட்டுகிறவர் பெயரைக் கழகம் பார்ப்பதில்லை. மகன் தன் வங்கிக் கணக்கிலிருந்து கட்டி ரசீதை உங்களுக்கு அனுப்பலாம்.

சிக்கல் வருவது வேறு இடத்தில். அம்மாவின் வங்கிக் கணக்கை மகன் தன் கைப்பேசியில் பதிந்து வைத்திருப்பான். மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2022 செப்டம்பரில் அறிவித்தபடி, வங்கிகள் எஸ்எம்எஸ்ஸில் வரும் டேக் என்ற ஒப்புதல் எண்ணை விட்டுவிட்டு, செயலியிலேயே ஒப்புதல் தரும் முறைக்கு மாறின. ஒரு கணக்குக்கு ஒப்புதல் தரும் கைப்பேசி ஒன்றே ஒன்றுதான். அது மகனிடம் இருந்தால் அம்மாவால் இங்கிருந்து எதுவும் செய்ய முடியாது. அம்மா கணக்கு அம்மாவின் கைப்பேசியில் இருக்கட்டும். பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தால் போதும், கடவுச்சொல்லை வாங்கிக்கொண்டு போக வேண்டாம்.

பில்லே வரல. வராத பில்லுக்கு எப்படிக் கட்டறது?

வரி கட்டும் தேதியைச் சட்டம் முடிவு செய்திருக்கிறது. பில் வரவில்லை என்ற காரணம் செல்லாது. தோட்டத்திலிருந்து தாமானுக்கு மாறி வந்தவர்களின் பில் இன்னும் பழைய முகவரிக்கே போய்க்கொண்டிருப்பது இங்கே சர்வ சாதாரணம். கழகத்தின் தளத்தில் கணக்கு எண் போட்டு எவ்வளவு என்று பாருங்கள். மின்னஞ்சலுக்குப் பில் அனுப்பும் வசதி இருந்தால் பதிந்துகொள்ளுங்கள்.

கட்டாமல் விட்டால் 1976-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின்படி, அதாவது சட்டம் 171-இன்படி, முதலில் ஈ பாரம் என்ற நோட்டீஸ் வரும். அதையும் பொருட்படுத்தாவிட்டால் எஃப் பாரம், அதாவது வீட்டிலுள்ள பொருளைப் பறிமுதல் செய்யும் வாரண்ட். அந்த நிலைக்கு விடாதீர்கள். மொத்தமாகக் கட்ட முடியாவிட்டால் ஈ பாரம் வந்த கையோடு கழகத்துக்குப் போய்த் தவணை கேளுங்கள். அதை நேரில் போய்ப் பேச வேண்டும், ஆன்லைனில் ஆகாது.

வரி திடீர்னு ஏறிடுச்சு. ஒண்ணும் கேக்க முடியாதா?

கேட்கலாம். புது மதிப்பீட்டுப் பட்டியல் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை தயாராக வேண்டும் என்கிறது சட்டம், மாநிலம் அந்தக் காலத்தை நீட்டிக்கலாம். பட்டியல் வரும்போது ஆட்சேபம் கேட்டு அறிவிப்பு வரும். பரிசீலனை நாளுக்கு 14 நாள் முன்னதாகவே எழுத்தில் கொடுத்துவிட வேண்டும். வீட்டை இழுத்துக் கட்டியதால் மதிப்பு ஏறினால் தனி நோட்டீஸ் வரும், அதற்கும் ஆட்சேபிக்கலாம்.

"எனக்குக் கஷ்டம்" என்று மட்டும் எழுதினால் எடுபடாது. அதே வரிசையில் அதே அளவு வீட்டின் வாடகை எவ்வளவு, உங்கள் வீடு என்ன நிலையில் இருக்கிறது என்று படத்தோடு காட்டுங்கள். முடிவு திருப்தி தராவிட்டால் உயர் நீதிமன்றம்வரை போகச் சட்டம் வழிவிட்டிருக்கிறது.

வீடு இன்னும் தாத்தா பேர்ல இருக்கு. அவர் இறந்து பல வருஷம் ஆச்சு. ஆன்லைன்ல பேர மாத்தலாமா?

முடியாது. கழகத்தில் இருப்பது வரிப் பதிவு மட்டும். சொத்துப் பெயர் நில அலுவலகப் பட்டாவில் இருக்கிறது. அங்கே மாறிய பிறகுதான் இங்கே மாறும்.

உயில் இல்லாமல் இறந்தவரின் சொத்தில் நிலமோ வீடோ இருந்து, மொத்த மதிப்பு 50 லட்சம் வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல் போகாவிட்டால், அது சிறு சொத்துப் பங்கீட்டுச் சட்டத்தின் கீழ் வரும். முன்பு வரம்பு 20 லட்சமாக இருந்தது, 2024-இல் உயர்ந்தது. பங்கீட்டுப் பிரிவில் ஏ பாரம் கொடுத்து மனுச் செய்ய வேண்டும். வக்கீல் கட்டாயமில்லை. வாரிசுகள் எல்லாரும் விசாரணைக்கு வர வேண்டும், அல்லது எழுத்தில் சம்மதம் தர வேண்டும். அத்தை ஒருவர் ஜொகூரில், சித்தப்பா ஒருவர் பேச்சுவார்த்தை இல்லாமல் என்று இருக்கும் குடும்பங்கள் இங்கேதான் நின்றுபோகின்றன. பெரியவர்கள் உயிரோடு இருக்கும்போதே உட்கார்ந்து பேசி முடித்துவிடுங்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். பட்டா மாறியதும் பெயர் மாற்றத்தைத் தாமதிக்காமல் கழகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அதுவரை வரி தாத்தா பெயரிலேயே வரட்டும், மேலே சொன்னபடி யார் வேண்டுமானாலும் கட்டலாம்.

சம்மன் வந்திருக்கு. எந்த ஆப்புல பாக்கணும்?

சம்மன் தாளில் யார் போட்டது என்று பாருங்கள். கழகம் போட்ட பார்க்கிங் சம்மன் கழகத்தின் தளத்திலோ பார்க்கிங் செயலியிலோ இருக்கும். போலீஸ் சம்மனுக்கு மைபாயார் பிடிஆர்எம், சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜே போட்ட சம்மனுக்கு மைஜேபிஜே. ஒன்றில் "சம்மன் இல்லை" என்று காட்டினால் மற்ற இரண்டிலும் இல்லை என்று அர்த்தமாகாது.

ஒட்டுக்கடை போடலாம்னு இருக்கேன். லைசன்ஸ ஆன்லைன்லயே எடுத்துடலாமா?

மனுவை அனுப்பலாம். ஆனால் மனுவுக்கு முன்னால் செய்ய வேண்டிய வேலைதான் அதிகம். சாப்பாட்டுக் கடை என்றால் கடையில் வேலை செய்யும் ஒவ்வொருவரும் டைஃபாய்டு ஊசி போட்டிருக்க வேண்டும். அது மூன்று ஆண்டுக்குச் செல்லும். உணவு கையாள்வோர் பயிற்சிச் சான்றிதழும் வேண்டும். மனைவி தோசை ஊற்றுகிறார், நீங்கள் காசு வாங்குகிறீர்கள் என்றால் இரண்டு பேருக்கும் எடுத்துவிடுங்கள். ஐசி நகல், படம், கடை போடும் இடத்தின் வரைபடம். தனியார் நிலம் என்றால் உரிமையாளரின் சம்மதக் கடிதம். இவற்றையெல்லாம் தெளிவாகப் படம் பிடித்துத் தயாராக வைத்துக்கொண்டு பிறகு சிஸ்டத்தைத் திறங்கள். பாதியில் ஓர் ஆவணம் இல்லாமல் போனால் நிரப்பியது வீணாகலாம்.

இடத்தைப் பற்றி: நாலு சாலைச் சந்திப்பில் கூட்டம் வரும் என்று கடையைப் போட்டுவிட்டு லைசன்ஸ் கேட்டால் கிடைக்காது. அங்கே கடை வைக்க அனுமதி உண்டா என்று முதலில் லைசன்ஸ் பிரிவில் நேரில் கேளுங்கள். இதற்கு ஐந்து நிமிடம் போதும், எந்தச் செயலியும் இதற்குப் பதில் சொல்லாது.

இன்னொன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். லைசன்ஸை உங்கள் பெயரில் எடுத்து மாத வாடகைக்கு வேறொருவருக்கு விடாதீர்கள். பிடிபட்டால் லைசன்ஸ் போய்விடும், திரும்பக் கிடைப்பது கஷ்டம். உண்மையாகவே கடை வைக்க நினைக்கும் ஒரு தனித்தாயின் இடத்தை அது அடைக்கிறது.

நாய்க்குமா லைசன்ஸ்?

ஆமாம், ஆண்டுதோறும். லைசன்ஸ் பட்டையை நாயின் கழுத்தில் மாட்டி வையுங்கள். தெரு நாய் என்று பிடித்துப்போகும் நாளில் பட்டைதான் சாட்சி. வரிசை வீட்டில் எத்தனை நாய் வைக்கலாம் என்பதற்கும் வரம்பு உண்டு.

பின்னால சமையல்கட்ட கொஞ்சம் இழுத்துக் கட்டணும். சொந்த வீடுதானே?

சொந்த வீடாக இருந்தாலும் அனுமதி வேண்டும். 1974-ஆம் ஆண்டுச் சாலை, வடிகால், கட்டடச் சட்டம் அப்படிச் சொல்கிறது. சின்ன வேலைக்குச் சுருக்கமான பெர்மிட் இருக்கிறது, பெரிய வேலைக்குத் தகுதியுள்ளவர் வரைந்த பிளான் வேண்டும். பிளான் வரைபவரே கட்டட மனுவுக்கான ஓஎஸ்சி சிஸ்டத்தில் ஏற்றுவார். குத்தகைக்காரர் "அதெல்லாம் வேண்டாம்ணே" என்று சொன்னால் கேட்காதீர்கள். நோட்டீஸ் ஒட்டப்படும்போது அவர் இருக்க மாட்டார்.

நாங்க இன்னும் தோட்டத்து வீட்டுலதான் இருக்கோம். இந்த ஆன்லைன் எங்களுக்கு எதுக்கு?

இந்தக் கேள்வி என்னை அதிகம் யோசிக்க வைக்கிறது. இந்த நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் நம் பக்கத்துத் தென்னமரம் தோட்டம்தான், 1917-இல் தொடங்கியது. தலைமுறை தலைமுறையாக இங்கே உழைத்த குடும்பங்கள் கழகத்தின் கணினியில் பெயர் இல்லாமல் இருக்கின்றன. காரணம், தோட்டம் கம்பெனியின் சொந்த நிலம். மதிப்பீட்டு வரி வந்தால் அது கம்பெனி பெயரில் வரும். தோட்டத்துச் சாலையும் லயத்து வடிகாலும் கழகத்தின் பொறுப்பில் இல்லை. அதனால்தான் கழகத்துக்குப் புகார் போட்டால் "தனியார் நிலம்" என்று பதில் வருகிறது.

ஆனால் உங்களுக்கு வேறு சட்டம் இருக்கிறது. தொழிலாளர் குடியிருப்பு, வசதிகள் குறித்த சட்டம் 446, 1990-இல் வந்தது. வீடு, தண்ணீர், மின்சாரம், சுத்தம் ஆகியவற்றை முதலாளி சரியாக வைத்திருக்க வேண்டும் என்கிறது. கூரை ஒழுகுகிறது, சாக்கடை அடைத்திருக்கிறது என்றால் முதலில் தோட்ட அலுவலகத்தில் எழுத்தில் கொடுத்து நகலில் கையெழுத்து வாங்குங்கள். கிராணியிடம் (அலுவலகக் குமாஸ்தாவிடம்) வாயால் சொல்லிவிட்டு வந்தால் ஆதாரம் இருக்காது. பலன் இல்லாவிட்டால் தொழிலாளர் இலாகாவுக்குப் போங்கள். அவர்களின் வொர்க்கிங் ஃபார் வொர்க்கர்ஸ் செயலி வழியே கைப்பேசியிலேயே புகார் கொடுக்கலாம். தோட்டத்து மக்களுக்குக் கழகத்தின் செயலியைவிட இது முக்கியம்.

வாட்சாப்புல லிங்க் வந்துச்சு, இன்னைக்குக் கட்டினா பாதிச் சம்மன்தான்னு. அமுக்கலாமா?

அமுக்காதீர்கள். கழகம் சலுகை அறிவிப்பது உண்டு. அதை அதன் சொந்தத் தளத்திலும் முகநூல் பக்கத்திலும் போடும். அரசாங்கத் தளத்தின் முகவரி ஜி-ஓ-வி புள்ளி எம்-ஒய் என்று முடியும். அதைக் கையால் தட்டிப் போங்கள், வந்த லிங்க் வழியாகப் போகாதீர்கள். "இந்த ஆப்பை இறக்குங்கள்" என்று ஏபிகே கோப்பு அனுப்பினால் அது நிச்சயம் மோசடி. அதை ஏற்றினால் உங்கள் கைப்பேசி அவன் கைக்குப் போய்விடும், வங்கி ஒப்புதலும் அதே கைப்பேசியில்தான் இருக்கிறது.

ஏமாந்துவிட்டால் அழுதுகொண்டு உட்காராமல் உடனே 997-ஐ அழையுங்கள். அது தேசிய மோசடித் தடுப்பு மையம். காசு கைமாறிப் போவதற்குள் தடுக்கப் பார்ப்பார்கள், ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். பிறகு வங்கி, பிறகு போலீஸ் புகார். வீட்டில் திட்டுவார்களே என்று பயந்து மறுநாள்வரை மறைத்து வைத்த அம்மாக்களைப் பார்த்திருக்கிறேன். பிள்ளைகளே, தயவுசெய்து திட்டாதீர்கள். திட்டு விழும் வீட்டில் அடுத்த தடவையும் மறைப்பார்கள்.

ரோட்டுல குழி. யார்கிட்டப் புகார் போடறது?

தாமானுக்குள் இருக்கும் சாலை என்றால் கழகம். ஊரை ஊரோடு இணைக்கும் சாலை என்றால் கல்லில் பி என்ற எழுத்தும் எண்ணும் இருக்கிறதா பாருங்கள். சிலாங்கூரில் அது மாநிலச் சாலை, பொதுப்பணி இலாகாவைச் சேர்ந்தது. அதற்கு 2023-இல் வந்த மைஜாலான் செயலியில் போடலாம். தோட்டத்துச் சாலை பற்றி மேலே சொல்லிவிட்டேன். குப்பை எடுக்காவிட்டால் ஐகிளீன் சிலாங்கூர் செயலி.

புகாரில் படம், இடம், தேதி மூன்றும் இருக்கட்டும். "கோயில் பக்கம்" என்று எழுதாதீர்கள், நம் ஊரில் எத்தனை கோயில்! சாலையின் பெயர், எதிரே இருக்கும் வீட்டு எண், கைப்பேசி காட்டும் இடக்குறி ஆகியவற்றைப் போடுங்கள். புகார் எண் வந்ததும் எழுதி வையுங்கள்.

புகாருக்கு 'செலெசாய்'னு பதில் வந்துடுச்சு. குழி அப்படியேதான் இருக்கு. இப்ப என்ன செய்ய?

அதே இடத்தில் இன்றைய தேதியோடு புதுப் படம் எடுங்கள். பழைய புகார் எண்ணைக் குறிப்பிட்டு மறுபடியும் போடுங்கள். புதிதாகத் தனிப் புகார் போட்டால் பழையது முடிந்த கணக்கிலேயே நின்றுவிடும். அதற்கும் பலன் இல்லையென்றால் நம் பகுதிக் கழக உறுப்பினரிடம் இரண்டு படங்களையும் கொடுங்கள். உறுப்பினர்களை நாம் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பதில்லை. ஊராட்சித் தேர்தல் 1965-இல் நிறுத்தப்பட்டது, மாநில அரசுதான் நியமிக்கிறது. ஆனாலும் ஒவ்வோர் உறுப்பினருக்கும் பகுதி உண்டு, பதில் சொல்லும் கடமையும் உண்டு. அடுத்த படி பொதுப் புகார்ப் பிரிவு.

பலருக்குத் தெரியாத இரண்டு வழிகள் உண்டு. சட்டம் 171-இன்படி கழகத்தின் முழுக் கூட்டம் பொதுமக்களுக்குத் திறந்தது. தனியாக நடத்தத் தீர்மானம் போட்டால் தவிர, போய் உட்கார்ந்து கேட்கலாம். அடுத்தது, 2011-இல் சிலாங்கூர் நிறைவேற்றிய தகவல் சுதந்திரச் சட்டம். அது கழகங்களுக்கும் பொருந்தும். அந்தச் சாலையைச் செப்பனிட யாருக்கு வேலை கொடுத்தார்கள், எந்தத் தேதியில் முடிந்ததாகப் பதிவு இருக்கிறது என்று தகவல் அதிகாரிக்கு மனுச் செய்து கேட்கலாம். மனுவில் புகார் எண், இரண்டு படங்கள், சாலையின் பெயர் மூன்றையும் இணையுங்கள். எழுதத் தெரியாவிட்டால் கடைக்கு வாருங்கள், சேர்ந்து எழுதலாம்.